கோத்தகிரி நண்பருக்கு: 135 போதும்

உங்கள் 24 அடிப் பாய்மரப் படகு கொச்சியில் நிற்கிறது, ஃபர்லர் (முன்பாயைச் சுருட்டும் கருவி) உண்டு, கூட வருவது மனைவி மட்டும். முன்பாயின் அளவு 150 சதவீதமா 110-ஆ என்று கேட்டிருந்தீர்கள் (எதில் சதவீதம் என்பது கீழே). என் ஓட்டு இரண்டுக்கும் இல்லை, 135-க்கு.

கொச்சியில் காலையில் காற்று மந்தம். மதியத்துக்கு மேல் கடல்காற்று ஏறும். காற்றின் வேகம் 10 நாட்டிலிருந்து (நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) 15 ஆனால் பாயின் மேல் விழும் விசை இரண்டே கால் மடங்கு. அப்போது 150-ஐப் பாதி சுருட்டினால் பாயின் நடுவில் தொப்பை விழும், படகு சாய்வதுதான் மிச்சம், காற்றை எதிர்த்து ஏறாது. 135-ஐ 100 வரை சுருட்டியும் ஓட்டலாம். முன்விளிம்பில் ஃபோம் வைத்துத் தைக்கச் சொல்லுங்கள், தொப்பை குறையும். சுருட்டும்போது ஷீட் (பாயின் பின்மூலையை இழுக்கும் கயிறு) ஓடும் கப்பியை முன்னால் தள்ளுங்கள். பலரும் விடுவது இதைத்தான்.

மாஸ்ட்டின் (பாய்மரத்தின்) முன்பக்கத்திலிருந்து ஃபோர்ஸ்டே (மாஸ்ட்டை முன்னாலிருந்து பிடிக்கும் கம்பி) டெக்கைத் தொடும் இடம்வரை நீங்களே அளந்துவிடுங்கள். பாயின் பின்மூலையிலிருந்து முன்விளிம்புக்குச் செங்குத்தாக வரும் தூரம் அதில் எத்தனை பங்கு என்பதுதான் இந்தச் சதவீதம்.

அப்புறம், உங்கள் நீலகிரியின் அவலாஞ்சியில் மழை கொட்டுகிறது என்று செய்தி வரும் தென்மேற்குப் பருவமழை மாதங்களில் கடலுக்கே போக வேண்டாம். அந்த மாதங்களுக்கென்று தனியாகச் சின்னப் பாய் வாங்குவது வீண் செலவு.