ஆளுக்கா வாக்களிக்கிறீர்கள், கொள்கைக்கா?

இரண்டுக்கும் இல்லை. எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் இன்னொரு ஆளுக்கு எதிராகத்தான் போடுகிறோம்.

நான் முல்லைத்தீவு. 2010 ஜனவரி ஜனாதிபதித் தேர்தலை எங்கள் வீட்டில் இன்றைக்கும் கதைப்பார்கள். ஒரு பக்கம் மகிந்த ராஜபக்ச. மற்றப் பக்கம், எட்டு மாதத்துக்கு முன் முடிந்த யுத்தத்தில் இராணுவத் தளபதியாக இருந்த சரத் பொன்சேகா. யுத்தத்தில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளம் முகாமிலிருந்து வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்த பெரியம்மா, பொன்சேகாவின் அன்னச் சின்னத்துக்குப் புள்ளடி போட்டுவிட்டு வந்தா.

"ஏன் பெரியம்மா, போயும் போயும் அந்தாளுக்கே?"

"அந்தாளுக்கு ஆரடா போட்டது? மற்றவர் வரக்கூடாதெண்டெல்லோ போட்டனான்."

முல்லைத்தீவும் சேர்ந்த வன்னித் தேர்தல் மாவட்டத்தில் விழுந்த வாக்குகளில் பெரும்பகுதி அன்னத்துக்கே போனது. 2019 ஜனாதிபதித் தேர்தலில் மகிந்தவின் தம்பி கோட்டாபய நின்றபோதும் இதே கதை. அவரை எதிர்த்து நின்ற சஜித் பிரேமதாசவுக்கு 80 வீதத்துக்கு மேல். சஜித்தின் விஞ்ஞாபனத்தை எங்கள் ஒழுங்கையில் ஒருவரும் கண்ணால் கண்டதில்லை. 2024 பொதுத் தேர்தலில் அப்படிச் சேர்ந்து வெறுக்க ஒரு முகம் இருக்கவில்லை. வன்னியின் 6 ஆசனமும் 5 கட்சிகளுக்குப் பிரிந்தது.

இதை அறியாமை என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வடக்கு மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2013இல். குளம், பள்ளிக்கூடம், தெரு என்று சொன்னதைச் செய்தார்களா எனக் கணக்குக் கேட்கும் இடமே இல்லாதபோது, எந்தக் கொள்கையை எடைபோடுவது? செத்தவீட்டுக்கு ஆர் வந்தவர் என்பதையாவது கண்ணால் பார்க்கலாம்.

ஆனால் இதில் ஒரு பெரிய கோளாறு இருக்கிறது. மாமாவை வைத்துச் சொல்கிறேன்.

2025 மார்ச்சில் வந்த காணி வர்த்தமானி, அதாவது அரசிதழ் அறிவித்தல், நினைவிருக்கும். வடக்கில் ஏறத்தாழ 5,940 ஏக்கர். 3 மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் அரச காணி. மாமாவின் காணி கடற்கரைப் பக்கம். இடம்பெயர்ந்த நாளெல்லாம் வயிற்றோடு கட்டிக்கொண்டு திரிந்த பொலித்தீன் பையை அவிழ்த்து, மடிப்பில் கிழிந்துபோன காணி உறுதிப் பத்திரத்தை மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு இரண்டு கிழமை சாப்பாடு இறங்காமல் இருந்தார். ஜூனில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. வழக்குப் போட்டவர் தமிழரசுக் கட்சியின் சுமந்திரன், சட்டத்தரணி. அவர் முகம் வந்தாலே டிவியை நிப்பாட்டுகிற மனுசன் எங்கள் மாமா.

தேத்தண்ணிக் கடையில் ஒருவர் கேட்டார்: "என்ன அண்ணை, காணி தப்பிட்டுதாம்?"

"ஓம் ஓம். ஆரோ ஒரு லோயர் வழக்குப் போட்டவராம்."

கடையே சிரித்தது. மாமா சிரிக்கவில்லை, பிளேன்ரீயை ஊதிக்கொண்டிருந்தார்.

நான் மட்டும் திறமோ? போன வருசம் நெல்லுக்கு விலை பற்றி ஒரு நோட்டீஸைப் பார்த்து, சரியான கதைதான் என்று வட்ஸ்அப்பில் நாலு பேருக்கு அனுப்பினேன். பிறகுதான் கீழே மூலையில் இருந்த, எனக்குப் பிடிக்காத கட்சியின் சின்னத்தைக் கவனித்தேன். உடனே அழித்தேன். நெல் விலை பற்றிய என் கருத்து அந்த அரை நிமிசத்தில் மாறவில்லை.