ஆசிரியர் அறைக்கு எது ஒத்துவரும்?

கேள்வி: ஆசிரியர்களைத் தேர்வு முடிவின்படி வரிசைப்படுத்தி, முன்னணியில் வருபவர்களுக்கு ஊக்கத்தொகை தரலாம் என்கிறது எங்கள் நிர்வாகம். கம்பெனிகளில் நடப்பதுதானே என்கிறார்கள். தலைமையாசிரியராக நான் என்ன சொல்ல?

பதில்: கம்பெனிகளிலேயே இதற்கு மவுசு குறைந்துவிட்டது என்று சொல்லுங்கள். ஊழியர்களைக் கட்டாயமாகத் தரம்பிரிக்கும் முறையை மைக்ரோசாஃப்ட் 2013-இல் கைவிட்டது. பள்ளியில் பாதிப்பு இன்னும் அதிகம். எட்டாம் வகுப்பில் ஒரு பிள்ளை கணக்கில் தேறினால் அதில் ஆறாம், ஏழாம் வகுப்பு ஆசிரியர்களின் உழைப்பும் இருக்கிறது. யார் பங்கு எவ்வளவு என்று எப்படிப் பிரிப்பீர்கள்? போட்டி வந்துவிட்டால் நல்ல பயிற்சித்தாள் தயாரித்தவர் அதைப் பூட்டி வைப்பார். மெல்லக் கற்கும் பிள்ளைகள் உள்ள பிரிவை யாரும் ஏற்க மாட்டார்கள். நியூயார்க் நகரப் பள்ளிகளின் போனஸ் திட்டம் மதிப்பெண்ணை உயர்த்தவில்லை, 2011-இல் நிறுத்தினார்கள். அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் தேர்வு முடிவுகளுக்கான நெருக்கடி முற்றி, மாணவர்களின் தவறான விடைகளை ஆசிரியர்களே அழித்து மாற்றினார்கள். அதே ஆண்டு வெளியான விசாரணை அறிக்கையில் 44 பள்ளிகள் சிக்கின.

கேள்வி: அப்படியானால் கம்பெனிகளிடம் எடுத்துக்கொள்ள ஒன்றுமே இல்லையா?

பதில்: உண்டு. தவறையும் சந்தேகத்தையும் பயமின்றிச் சொல்லும் சூழல். ஓர் உற்பத்தி நிறுவனத்தின் 51 குழுக்களை ஆராய்ந்து ஹார்வர்ட் பேராசிரியர் ஏமி எட்மண்ட்சன் 1999-இல் வெளியிட்ட கட்டுரை, இந்தத் துணிச்சல் உள்ள குழுக்களே அதிகம் கற்றுக்கொள்கின்றன என்று காட்டியது.

இந்தச் சூழலைப் பள்ளியில் உருவாக்க, முதலில் வகுப்பைப் பார்வையிடுவதை ஆண்டு மதிப்பீட்டிலிருந்து பிரித்துவிடுங்கள். படிவம் இல்லாமல் 15 நிமிடம் உட்காருங்கள். பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்பதை மட்டும் குறியுங்கள். மறுநாளுக்குள் ஆசிரியரிடம் 10 நிமிடம் பேசுங்கள். "எந்த இடத்தில் திணறினார்கள்?" என்று நீங்கள் கேட்க, அவர் சொல்லட்டும். மாற்றவேண்டியது ஒன்றே ஒன்று. ஐந்தைச் சொன்னால் ஒன்றும் நடக்காது. இரண்டு வாரத்தில் அதை மட்டும் பார்க்க மறுபடி போங்கள். பெரும்பாலோர் விட்டுவிடுவது இதைத்தான். அப்புறம் பார்வையிடல் வெறும் சடங்கு.

ஆசிரியர் கூட்டத்தில் சுற்றறிக்கை வாசிக்காதீர்கள், எழுத்தில் அனுப்புங்கள். 40 நிமிடம், ஒரே சிக்கல். இளையவர் முதலில் பேசட்டும், நீங்கள் கடைசியில். தலைமையாசிரியர் முதலில் வாய் திறந்தால் மற்றவர்கள் தலையாட்டுவதோடு சரி. எழுந்த குறைகளில் ஒன்றையாவது அடுத்த கூட்டத்துக்குள் தீருங்கள். தீர்க்க முடியாததற்குக் காரணம் சொல்லுங்கள். முதல் சில கூட்டங்களில் யாரும் பேசாவிட்டால் முறையைக் குறை சொல்ல வேண்டாம். முன்பு பேசிய யாரோ நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பார்.