குழந்தையின் தலை ஒரே பக்கம் சாய்கிறதே?

கேள்வி: என் முதல் குழந்தைக்கு ஆறு வாரம் ஆகிறது. தலை வலப்பக்கம் சாய்ந்தும் முகம் இடப்பக்கம் திரும்பியுமே இருக்கிறது. வலது கழுத்தில் சுண்டைக்காய் அளவில் கட்டி தட்டுப்படுகிறது. வயிற்றில் தலை மேலாக இருந்ததால் சிசேரியன் செய்தார்கள். 'உரம் விழுந்திருக்கிறது, புடவையில் போட்டு உருட்டினால் சரியாகும்' என்கிறார் மாமியார். அறுவை சிகிச்சை தேவைப்படுமா?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் பிறவிக் கழுத்துத் தசை இறுக்கமாக இருக்கவே வாய்ப்பு அதிகம், குழந்தை மருத்துவர் நேரில் பார்த்து அதை உறுதி செய்ய வேண்டும். காதுக்குப் பின்னுள்ள எலும்பிலிருந்து மார்பெலும்புக்கும் காறை எலும்புக்கும் இறங்கும் தசை ஒரு பக்கம் குறுகிவிட்டால், தலை அந்தப் பக்கம் சாய்ந்து, முகவாய் எதிர்ப்பக்கம் திரும்பிக்கொள்ளும். கட்டி என்பது பெரும்பாலும் அந்தத் தசைக்குள் ஏற்படும் நார்த்திசுத் தடிப்புதான். அது புற்றுநோய் அல்ல, சில மாதங்களில் தானே கரையும். ஐயமிருந்தால் கழுத்தை ஸ்கேன் செய்து பார்ப்பார்கள். கருப்பையில் இடம் நெருக்கமாக இருப்பது இதற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. முதற்குழந்தைகளிடமும் தலை மேலாக இருந்த குழந்தைகளிடமும் இது கூடுதலாகக் காணப்படுகிறது. ஆகவே, யாரோ சரியாகத் தூக்காததால் வந்தது என்று வீட்டில் பழி போட்டுக்கொள்ள வேண்டாம்.

மாமியார் கோளாறைக் கவனித்தது சரிதான். சொல்லும் வைத்தியம்தான் ஆபத்து. கழுத்து நிற்காத குழந்தையை உருட்டுவதும் குலுக்குவதும் கழுத்துக்கும் மூளைக்கும் காயம் விளைவிக்கக்கூடும். லேசான சாய்வு தானாகவே சரியாகும்போது, உரம் எடுத்தவருக்குப் பெயர் கிடைத்துவிடுகிறது.

உண்மையான சிகிச்சை பிஸியோதெரபிதான். தலையை இடத்தோள் பக்கம் மெல்லச் சாய்ப்பதையும், முகத்தை வலப்பக்கம் திருப்புவதையும் பிஸியோதெரபிஸ்ட் செய்து காட்டியபின், உங்கள் கையால் நாள்தோறும் பலமுறை செய்ய வேண்டும். குழந்தை திமிறி அழுதால் நிறுத்திவிடுங்கள். கிலுகிலுப்பையை வலப்பக்கமிருந்து ஆட்டுங்கள், வலப்பக்கம் நின்று பேசுங்கள். விழித்திருக்கும்போது பக்கத்திலிருந்து பார்த்தபடி குப்புறப் படுக்க வையுங்கள்; தூங்கும்போது மல்லாந்தே படுக்க வேண்டும். மணிக்கணக்கில் தூளியிலேயே விட்டால் தலை ஒரே நிலையில் அழுந்தி ஒரு பக்கம் தட்டையாகலாம்.

மூன்று மாதத்துக்குள் தொடங்கினால் மிகப் பெரும்பாலான குழந்தைகளுக்குப் பயிற்சியே போதும். ஓராண்டு கடந்தும் தசை இளகாத சிலருக்கே அறுவை சிகிச்சை பற்றிப் பேசுவோம். காய்ச்சல், தொடர் வாந்தி, பால் குடிக்காமை ஆகியவை சேர்ந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

இந்தக் குழந்தைகள் சிலருக்கு இடுப்பு மூட்டும் சரியாகப் பொருந்தாமல் இருக்கும். தலை மேலாக இருந்த உங்கள் குழந்தைக்கு அந்த வாய்ப்பு இன்னும் கூடுதல். இடுப்பை ஸ்கேன் செய்து பார்க்க ஆறாவது வாரம் ஏற்ற காலம் என்பதால், கழுத்தைக் காட்டப் போகும்போதே அதையும் கேட்டுச் செய்துவிடுங்கள்.