ஹெட்லைட் போட்டதும் டெம்பரேச்சர் முள் ஏறுகிறது: எஞ்சின் உண்மையிலேயே சூடாகிறதா?

கேள்வி: கானாடுகாத்தான் வீட்டு ஷெட்டில் 1993 மாடல் டொயோட்டா எம்.ஆர்.2 நிற்கிறது. பொங்கலுக்கும் கல்யாணங்களுக்கும்தான் எடுக்கிறோம். பகலில் ஓட்டினால் டெம்பரேச்சர் முள் நடுவில் நிற்கிறது. இருட்டியதும் ஹெட்லைட்டைப் போட்டால் அந்த நொடியே சிவப்புக் கோட்டுப் பக்கம் ஏறுகிறது. ஏசி போட்டால் இன்னும் கொஞ்சம் மேலே போகிறது. கூலண்ட் குறையவில்லை. ரேடியேட்டரை மாற்ற வேண்டும், தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடலாம் என்கிறார் மெக்கானிக். என்ன செய்வது?

பதில்:

ரேடியேட்டருக்கு இப்போது காசு கொடுக்காதீர்கள். தெர்மோஸ்டாட்டை (கூலண்ட் சூடானதும் ரேடியேட்டர் வழியைத் திறக்கும் வால்வு) எந்தக் காரணத்துக்காகவும் கழற்ற விடாதீர்கள். "அந்த நொடியே" என்று எழுதியிருக்கிறீர்களே, பாதி விடை அந்தச் சொல்லிலேயே இருக்கிறது.

உங்கள் காரில் எஞ்சின் சீட்டுக்குப் பின்னால், ரேடியேட்டர் மூக்கில். நடுவில் வண்டியின் அடியில் நீளக் குழாய்கள் ஓடுகின்றன. அதனால் உள்ளே சுமார் 13 லிட்டர் கூலண்ட் இருக்கும். அவ்வளவும் ஒரு டிகிரி சூடேற ஏறக்குறைய 48 கிலோஜூல் வெப்பம் வேண்டும். 20 டிகிரி ஏற 960 கிலோஜூல். நின்ற இடத்தில் ஐடிலிங்கில் எஞ்சின் மணிக்கு ஒரு லிட்டரை ஒட்டித்தான் பெட்ரோல் குடிக்கும். அது எரிந்து தரும் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 3 கிலோவாட் அளவுதான் கூலண்டுக்குள் போகிறது. கணக்குப் போட்டால் 320 விநாடி, ஐந்து நிமிடத்துக்கு மேல். எஞ்சின் இரும்பும் அலுமினியமும் குடிக்கும் வெப்பத்தையும் சேர்த்தால் இன்னும் கூடும். எனவே ஸ்விட்சைத் தட்டியதும் ஏறி, அணைத்ததும் இறங்கும் முள் வெப்பத்தைக் காட்டவில்லை, வோல்டேஜைக் காட்டுகிறது.

ஆனாலும் இதை வாய்க்கணக்கோடு விட்டுவிடக் கூடாது. முள் பொய் சொல்கிறது என்று நம்பி ஓட்டி, ஹெட் கேஸ்கெட் (எஞ்சின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவிலுள்ள அடைப்பு) போன வண்டிகள் உண்டு. முதலில் வேறு ஒரு சாட்சி வேண்டும்.

இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் ஒன்று வாங்குங்கள். பளபளப்பான அலுமினியத்தில் நேராகக் காட்டினால் அது மிகக் குறைவாகக் காட்டும், அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். தெர்மோஸ்டாட் ஹவுசிங்கிலும், சென்சார்கள் பொருந்தியிருக்கும் தண்ணீர் வெளியேறும் வாயிலும் கருப்பு இன்சுலேஷன் டேப்பை இரண்டு அங்குலம் ஒட்டி, அந்த டேப்பின் மீது அளவெடுங்கள். ஒரு ஜாண் தூரத்துக்குள் பிடித்தால் போதும். எஞ்சின் முழுதாகச் சூடான பிறகு, லைட் அணைந்திருக்கும்போது ஒன்று, லைட்டும் ஏசியும் போட்டு ஒரு நிமிடம் கழித்து ஒன்று என இரண்டு அளவு குறித்துக்கொள்ளுங்கள். வெளிப்பரப்பு என்பதால் உள்ளே ஓடும் கூலண்டைவிடச் சில டிகிரி குறைவாகவே காட்டும். இரண்டும் 80-க்கும் 95-க்கும் நடுவில் இருந்து, அவற்றுக்குள் இரண்டு மூன்று டிகிரிக்கு மேல் வித்தியாசம் இல்லையென்றால் எஞ்சின் நலம்.

இன்னொரு சாட்சி காரிலேயே இருக்கிறது. இந்த எஞ்சினில் தண்ணீர்ச் சூட்டை அளக்க இரண்டு தனித்தனி சென்சார்கள் உண்டு. டாஷ்போர்டு முள்ளுக்குப் போவது ஒற்றை ஒயர் சென்சார், அதற்குச் சென்டர் (sender) என்று பெயர். அதற்குத் தனி எர்த் (கரண்ட் திரும்பும் வழி) கிடையாது. தன் மரையின் வழியாக எஞ்சின் உடம்பையே எர்த்தாக எடுத்துக்கொள்கிறது. இசியு-வுக்கு (எஞ்சினை ஆளும் கம்ப்யூட்டர்) போவது இரட்டை ஒயர் சென்சார். அதன் எர்த் ஒயர் நேராக இசியு-வுக்கே திரும்புவதால் எஞ்சின் எர்த் கெட்டாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. அந்த சென்சாரின் கனெக்டரைக் கழற்றாமல், பின்பக்கமாக மெல்லிய ஊசி நுழைத்து, இரண்டு ஒயர்களுக்கும் நடுவில் வோல்டேஜ் பாருங்கள். 80 டிகிரியில் 0.2 முதல் 1.0 வோல்ட் வரை இருக்க வேண்டும். இனி லைட்டைப் போடுங்கள். முள் எகிறும்போது இந்த எண் அசையாமல் நின்றால் தீர்ப்பு கிடைத்துவிட்டது.

அந்த சென்சாரையே சந்தேகித்தால், கழற்றி ஓம் பார்க்கலாம்: 20 டிகிரியில் 2 முதல் 3 கிலோ ஓம், 80 டிகிரியில் 200 முதல் 400 ஓம். சித்திரையில் நம் பக்கம் விடியற்காலையில்கூட 20 டிகிரி கிடைக்காது. 30 டிகிரிக்கு 1.7 கிலோ ஓமை ஒட்டி வந்தால் சரி. பழைய முறைப்படி டயக்னாஸ்டிக் பெட்டியில் டிஇ1 (TE1), இ1 (E1) முனைகளை இணைத்து இக்னிஷன் போட்டால் செக் எஞ்சின் விளக்கு சிமிட்டும். இரண்டு, இடைவெளி, இரண்டு என்று சிமிட்டினால் அது பிழைக் குறியீடு 22, அதாவது தண்ணீர் சென்சார் சர்க்யூட்டில் கோளாறு. சீராகச் சிமிட்டிக்கொண்டே இருந்தால் பதிவான கோளாறு இல்லை.

இனி முள் ஏன் மேலே ஏறுகிறது என்பதற்கு வருவோம். ஆல்டர்னேட்டர் எஞ்சின் மீது உட்கார்ந்திருக்கிறது. ஹெட்லைட்டும் ஏசி ஃபேனும் இழுக்கும் கரண்ட் பாடிக்குள் இறங்கி, பாடியையும் எஞ்சினையும் இணைக்கும் செம்புப் பின்னலான எர்த் பட்டை வழியாக எஞ்சினுக்குப் போய், ஆல்டர்னேட்டரில் முடிகிறது. பட்டை நன்றாக இருந்தால் அதன் தடை ஓமில் ஆயிரத்தில் சில பங்குதான். களிம்பேறிய முனையில் அது 0.05 ஓம் ஆகிவிட்டது என்று வையுங்கள். 25 ஆம்பியர் ஓடும்போது அங்கே 1.25 வோல்ட் விழும். அதாவது பாடியைவிட எஞ்சின் 1.25 வோல்ட் கீழே இறங்கிவிடுகிறது. டாஷ்போர்டு முள்ளின் ஒரு முனை பாடியை நம்புகிறது, சென்டரோ எஞ்சினை நம்புகிறது. சென்டர் வழியாகக் கூடுதல் கரண்ட் ஓடும். சூடாகும்போது தடை குறைவதுதான் சென்டரின் இயல்பு என்பதால், கூடுதல் கரண்ட் என்றால் கூடுதல் சூடு என்று முள் எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் உங்கள் காரில் பகலில் சரியாகவும் இரவில் தப்பாகவும் காட்டுகிறது.

சோதிக்க ஐந்து நிமிடம் போதும். மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசி-யில் வைத்து, கருப்பு முனையை எஞ்சினின் வெற்று உலோகத்தில், சிவப்பு முனையைப் பாடியின் பெயிண்ட் இல்லாத போல்ட்டில் வையுங்கள். எஞ்சின் ஓடட்டும், ஹெட்லைட், ப்ளோயர், ஏசி எல்லாம் போட்டு 1,500 ஆர்பிஎம்-மில் பிடியுங்கள். 0.1 வோல்ட்டுக்குள் என்றால் எர்த் மீது குற்றமில்லை. 0.2-ஐத் தாண்டினால் முனைகளைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். 0.5 அல்லது அதற்கு மேல் என்றால் ஆள் அகப்பட்டுவிட்டான்.

வண்டியை அணைத்துவிட்டு ஓம் மோடில் பட்டையை அளக்கும் வழக்கம் நம்மூரில் அதிகம். அதனால் பயனில்லை. மீட்டர் ஒயரின் தடையே 0.2, 0.3 ஓம் இருக்கும். பின்னலில் நாலு இழை மட்டும் மிச்சமிருக்கும் பட்டையும் ஓம் சோதனையில் தேறிவிடும், 25 ஆம்பியரில் தோற்கும்.

மீட்டர் இல்லையென்றால் பேட்டரி ஜம்ப் ஸ்டார்ட் கேபிள் ஒன்று போதும். முள் ஏறியிருக்கும்போது ஒரு முனையைப் பாடியின் சுத்தமான உலோகத்திலும் மறு முனையை எஞ்சினின் தூக்குக் கொக்கியிலும் கடிக்க விடுங்கள். பெல்ட்டுக்கும் எக்ஸாஸ்டுக்கும் தள்ளியே கேபிள் கிடக்கட்டும். முள் சட்டென்று நடுவுக்கு இறங்கினால் வேறு சோதனையே வேண்டாம்.

இதற்கு முன் பெட்ரோல் முள்ளையும் ஒரு கண் பாருங்கள். பெட்ரோல் சென்டர் பாடியில் எர்த் ஆவது, எஞ்சினில் அல்ல. லைட் போடும்போது டெம்பரேச்சர் முள் மட்டும் ஏறினால் எஞ்சின் பட்டை. இரண்டும் சேர்ந்து ஆடினால் மீட்டர் போர்டின் எர்த்தைத் தேட வேண்டும். பழைய ஆங்கிலேயக் கார் வைத்திருப்பவர்கள் அங்கே 10 வோல்ட் ஸ்டெபிலைசரைப் பாருங்கள். அதன் கூட்டுக்கு எர்த் விட்டுப்போனால் 12 வோல்ட் முழுதும் உள்ளே பாய்ந்து இரண்டு முள்ளும் ஏறும்.

முள் லைட்டுக்குச் சம்பந்தமில்லாமல், இக்னிஷன் போட்டதுமே மேலே போய் நின்றுவிட்டால் அது வேறு கதை. சென்டர் ஒயரைக் கழற்றுங்கள். முள் கீழே விழ வேண்டும். விழவில்லையென்றால் ஒயர் வழியில் எங்கோ தோல் உரிந்து உலோகத்தைத் தொடுகிறது. மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கும் ஷெட்டில் எலிதான் முதல் சந்தேகம். விழுந்தால், 3.4 வாட் சின்ன பல்ப் வழியாக ஒயரை எஞ்சினில் தொடுங்கள். பல்ப் எரிந்து முள் ஏறினால் மீட்டரும் ஒயரும் நன்றாக இருக்கின்றன, சென்டர்தான் போய்விட்டது. பல்ப் இல்லாமல் நேராகத் தொட்டு மீட்டர் காயிலைக் கருக்கிவிடாதீர்கள். சென்டர் மரையில் டெஃப்லான் டேப் அளவுக்கு மேல் சுற்றினாலும் எர்த் கெடும், ஆனால் அப்போது முள் குறைவாகக் காட்டும். உங்கள் கோளாறு அதற்கு நேர் எதிர்.

பட்டை ஏன் கெடுகிறது? செம்புப் பின்னல், எஃகு போல்ட், எஞ்சினின் அலுமினியப் பகுதி மூன்றும் ஒரே இடத்தில் ஈரத்தோடு சந்திக்கின்றன. இரண்டு உலோகமும் ஈரமும் சேர்ந்தால் அங்கே ஒரு குட்டி பேட்டரி உருவாகி, அலுமினியத்தை அரிக்கும். உலோக அரிப்பையும் ஆராயும் சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) 1948-ல் அடிக்கல் நாட்டிய காலத்திலிருந்து நம் காரைக்குடியில்தான் இருக்கிறது, அதனால் இந்த ஊர்க்காரருக்கு இது புதுச் செய்தியாக இருக்காது. போல்ட்டைக் கழற்றிப் பார்த்தால் லக் (போல்ட் நுழையும் முனை வளையம்) அடியில் வெள்ளைப் பொடியும், பின்னலின் கழுத்தில் பரணில் கிடக்கும் செம்புத் தவலையில் ஏறியது போன்ற பச்சைக் களிம்பும் தெரியும். தவலைக்குப் புளி போடுவது போல இதற்குப் போடாதீர்கள். அமிலம் இழைகளுக்குள் தங்கி மிச்சத்தையும் தின்னும்.

பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். களிம்பேறிய பட்டையைச் சுரண்டிப் போடுவதைவிடப் புதிதாகப் போடுவதுதான் என் பரிந்துரை: 25 சதுர மில்லிமீட்டர் டின் பூசிய செம்புப் பின்னல், இரு முனையிலும் அழுத்திக் கிரிம்ப் செய்த லக். வெறும் ஈயம் வைத்து ஒட்டிய லக் வேண்டாம், எஞ்சின் அதிர்வில் ஈயம் முடிந்த இடத்திலேயே இழைகள் முறியும். எஞ்சின் அசைய ஒரு விரல் தளர்வு விடுங்கள். பாடிப் பக்கம் லக் உட்காரும் வட்டத்தில் மட்டும் பெயிண்டை உப்புத்தாளால் வெள்ளையாகும் வரை தேய்த்து, பல் வாஷர் போட்டு இறுக்குங்கள். வாஸ்லைன் பூசுவது இறுக்கிய பிறகு, வெளியே. பேட்டரி நெகட்டிவ் கிளாம்ப், பாடிக்குப் போகும் அதன் கேபிள், கியர்பாக்ஸ் எர்த் மூன்றையும் அதே கையோடு கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். ஆக்சிலரேட்டர் கேபிளையும் கியர் கேபிள்களையும் இழுத்துப் பாருங்கள். பட்டை கெட்டிருந்த நாளெல்லாம் கரண்ட் அவற்றின் வழியாகத்தான் திரும்பியிருக்கும். உள் உறை உருகி இறுகியிருந்தால் மாற்ற வேண்டும்.

தெர்மோஸ்டாட் விஷயம். இந்த எஞ்சினில் அது தண்ணீர் உள்ளே நுழையும் பக்கம் இருக்கிறது. சூடானதும் ரேடியேட்டர் வழியைத் திறப்பதோடு, பைபாஸ் வழியையும் அதுவே அடைக்கிறது. கழற்றி எறிந்தால் பைபாஸ் திறந்தே கிடந்து, சூடான தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமல் எஞ்சினுக்கே திரும்பும். இப்போது பொய்யாகக் காட்டும் சூடு மே மாத வெயிலில் ஏசி போட்டு ஏறும்போது மெய்யாகிவிடும்.

டேப் மீது எடுத்த அளவு 100-ஐத் தாண்டினால் மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. முள் சொல்வது மெய். உடனே அணைத்து, கூலண்ட் மூடியைத் தொடாமல் முழுதாக ஆற விடுங்கள். இந்த மாடலில் முதலில் பார்க்க வேண்டியது நீளக் குழாய்களில் சிக்கிய காற்று. ரேடியேட்டரிலும் ஹீட்டரிலும் உள்ள பிளீடர்களில் (காற்றை வெளியேற்றும் திருகுகள்) தெளிந்த ட்யூப் மாட்டி, முன் பானெட்டுக்கு மேலே தொங்கவிட்டு, எஞ்சின் பக்க வாயில் மெதுவாக ஊற்றுங்கள். ட்யூபில் குமிழ் நிற்கும் வரை பொறுமை வேண்டும். ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்துச் செய்யுங்கள். போர் தண்ணீர் ஊற்றவே கூடாது, உப்பு படியும். பேட்டரிக் கடையில் விற்கும் டிஸ்டில்ட் வாட்டரும் எத்திலீன் கிளைகால் கூலண்டும் சம அளவு. காற்றை எடுத்த பிறகும் ரிசர்வ் டாங்கில் குமிழ் வந்துகொண்டே இருந்தால் ஹெட் கேஸ்கெட் சோதனைக்குப் போக வேண்டும்: கூலண்ட் ஊற்றும் வாயில் வைக்கும் நீலத் திரவம் மஞ்சளானால் எஞ்சினில் எரிந்த வாயு தண்ணீருக்குள் வருகிறது.

புதுப் பட்டை போட்ட பிறகு அதே இரண்டு இடங்களில் மீண்டும் வோல்டேஜ் அளந்து, 0.1-க்குள் வந்ததை உறுதி செய்துவிட்டு, இருட்டிய பின் லைட்டும் ஏசியும் போட்டுத் திருமயம் வரை ஒரு நடை போய் வாருங்கள். முள் நடுவில் நின்றால் சென்டரையும் மீட்டரையும் தொட வேண்டிய அவசியமே இல்லை.