காலண்டர் தாளில் 'வரலாற்றில் இன்று': டிசம்பர் 25-க்கு எந்தத் தேதியை நம்புவது?

கேள்வி: சிவகாசியில் சிறிய அளவில் தினசரி காலண்டர் அச்சடிக்கிறோம். ஆடிப்பெருக்குக்குக் காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பம் வெளியிட வேண்டும். இந்த முறை ஒரு வாடிக்கையாளர் ஒவ்வொரு தாளிலும் 'வரலாற்றில் இன்று' என்று மூன்று வரி கேட்கிறார். டிசம்பர் 25-க்கு மட்டும் முப்பதுக்கு மேல் குறிப்புகள் சேர்ந்துவிட்டன. ஆனால் நியூட்டன் அன்று பிறந்தார் என்று ஒரு பட்டியலும் ஜனவரி 4 என்று இன்னொன்றும் சொல்கின்றன. சோவியத் ஒன்றியம் கலைந்தது 25-ஆ, 26-ஆ என்பதிலும் குழப்பம். எதை நம்பி அச்சுக்குக் கொடுப்பது? மூன்று வரிக்கு எதை எடுப்பது, எதை விடுவது?

பதில்:

வாட்ஸ்அப்பில் வரும் தவறை அனுப்பியவரே அழித்துவிடலாம். காலண்டர் தாளில் வரும் தவறு சரியாக அந்த நாளன்று காலையில்தான் கண்ணில் படும். கிழிக்கிற கையோடு படம் பிடித்துக் குடும்பக் குழுவில் போட்டுவிடுவார்கள், கீழே கடையின் பெயரும் போன் நம்பரும் தெளிவாகத் தெரியும்படி. அதனால் அச்சுக்கு முன்பே நீங்கள் யோசிப்பது நல்லது.

முதலில் நியூட்டன். இரண்டு தேதியும் சரிதான். அவர் இங்கிலாந்தில் ஊல்ஸ்தார்ப் என்ற கிராமத்தில் பிறந்தபோது அங்கே சுவரில் இருந்த கணக்குப்படி அது 1642 டிசம்பர் 25. அப்போது இங்கிலாந்து பழைய ஜூலியன் காலண்டரில் இருந்தது. இத்தாலி, ஸ்பெயின், போர்ச்சுகல் போன்ற கத்தோலிக்க நாடுகள் 1582-லேயே கிரிகோரியன் காலண்டருக்கு மாறிவிட்டன. அக்டோபர் 4-க்கு மறுநாளை அக்டோபர் 15 என்று எண்ணி, பத்து நாளைத் தாண்டிக் குதித்தார்கள். போப் சொன்னதை நாம் ஏன் கேட்க வேண்டும் என்று இங்கிலாந்து 170 ஆண்டுகள் இழுத்தடித்து, 1752-ல்தான் மாறியது. ஆகவே நியூட்டன் பிறந்த அன்று ரோமில் 1643 ஜனவரி 4. இன்று நாம் புழங்குவது ரோமின் கணக்கைத்தான்.

காலண்டர் தாளுக்கு என் முடிவு: டிசம்பர் 25-லேயே போடுங்கள், பக்கத்தில் 'பழைய காலண்டர்படி' என்று இரண்டு சொல் சேருங்கள். நியூட்டன் தம் வாழ்நாள் முழுக்கக் கிறிஸ்துமஸ் அன்று பிறந்தவராகவே இருந்தார். அதை நாம் மாற்ற வேண்டியதில்லை. ஜனவரி 4-ல் மறுபடியும் போடாமல் இருந்தால் போதும். ஒரே காலண்டரில் ஒருவர் இரண்டு முறை பிறப்பதுதான் உண்மையான அச்சுப்பிழை.

இந்தப் பழைய காலண்டர், புதிய காலண்டர் விவகாரத்தில் ஒரு கணக்கு மட்டும் கையில் இருக்கட்டும். இரண்டுக்கும் உள்ள இடைவெளி எல்லாக் காலத்திலும் ஒன்றல்ல. பதினேழாம் நூற்றாண்டில் 10 நாள், பதினெட்டில் 11, பத்தொன்பதில் 12, இருபதில் 13. ரஷ்யா 1918-ல்தான் மாறியது, அதனால் ரஷ்யர்கள் விஷயத்தில் அதிகம் அடிபடுவோம். லெனின் பழைய கணக்கில் 1870 ஏப்ரல் 10, புதியதில் ஏப்ரல் 22. டால்ஸ்டாய் 1828 ஆகஸ்ட் 28, புதியதில் செப்டம்பர் 9. பத்தொன்பதாம் நூற்றாண்டுக்காரருக்குப் பதின்மூன்று நாள் கூட்டிவிட்ட பட்டியல்களும் உலவுகின்றன. ஒரு நாள் தள்ளி நிற்கும் ரஷ்யப் பெயரைக் கண்டால் அந்த இடத்தைப் பாருங்கள்.

சிலருக்கு ஆண்டே மாறும். அமெரிக்காவின் வாஷிங்டன் பிறந்தது பழைய கணக்கில் 1731 பிப்ரவரி 11. இப்போது கொண்டாடுவது 1732 பிப்ரவரி 22. இங்கிலாந்திலும் அதன் குடியேற்றங்களிலும் அப்போது புத்தாண்டு மார்ச் 25-ல் பிறந்ததால் வந்த வித்தியாசம் இது. 1582-க்கு முந்தைய சம்பவங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவற்றைப் பழைய தேதியிலேயே விட்டுவிடுவது எல்லோருடைய வழக்கம். வாஸ்கோடகாமா கோழிக்கோட்டை அடைந்ததாக நாம் படித்த 1498 மே 20-ஐ யாரும் மாற்றி எழுதுவதில்லை. அதே பயணத்தில்தான் 1497 கிறிஸ்துமஸ் அன்று தென்னாப்பிரிக்கக் கரையைக் கண்டு 'நத்தால்' என்று பெயர் வைத்தார்கள். பிற்காலத்தில் கரும்புத் தோட்டங்களுக்குத் தமிழர்கள் கப்பலேறிப் போன அதே நத்தால். இதுவும் உங்கள் 25-ம் தேதித் தாளுக்கு ஆகும்.

'ஒரே நாளில்' என்று இருவரைச் சேர்த்துக் கட்டும் குறிப்புகளை மட்டும் இரட்டிப்புச் சந்தேகத்தோடு பாருங்கள். கலிலியோ இறந்த அதே ஆண்டில் நியூட்டன் பிறந்தார் என்பார்கள். கலிலியோ இறந்த 1642 ஜனவரி 8 இத்தாலியின் புதிய காலண்டர் தேதி. நியூட்டனுடையது இங்கிலாந்தின் பழைய தேதி. இரண்டையும் ஒரே காலண்டரில் வைத்தால், எந்தக் காலண்டரானாலும் ஆண்டு ஒன்றாக வராது. ஷேக்ஸ்பியரும் செர்வாண்டிசும் 1616 ஏப்ரல் 23-ல் இறந்தார்கள் என்பதும் இதே ரகம். இங்கிலாந்தின் 23 ஸ்பெயினின் 23-க்குப் பத்து நாள் பின்னால் வந்தது. அதிலும் செர்வாண்டிசு இறந்தது 22, அடக்கம் செய்தது 23. இதற்கு மாறாக டார்வினும் லிங்கனும் 1809 பிப்ரவரி 12-ல் பிறந்தார்கள் என்பது சுத்தமான உண்மை, இருவரும் ஒரே காலண்டரில் இருந்தவர்கள். அதைத் தைரியமாகப் போடலாம். மற்றபடி, இத்தனை பெரியவர்கள் ஒரே தேதியிலா என்று வியக்க ஒன்றுமில்லை. ஓர் அறையில் 23 பேர் இருந்தாலே இருவருக்குப் பிறந்தநாள் ஒன்றாக அமையும் வாய்ப்பு பாதிக்கு மேல்.

காலண்டருக்கு அடுத்த சிக்கல் கடிகாரம். 2004 சுனாமியை எடுத்துக்கொள்ளுங்கள். சுமத்ரா அருகே நிலநடுக்கம் ஏற்பட்டபோது நமக்கு டிசம்பர் 26, ஞாயிறு காலை 6.28. அதே நொடியில் நியூயார்க்கில் டிசம்பர் 25 இரவு எட்டு மணி ஆகவில்லை. சம்பவம் எங்கே நடந்ததோ அந்த ஊர்த் தேதிதான் செல்லும். ஆகவே சுனாமி 26-ம் தாளுக்குரியது. நிலவில் நடந்தவற்றுக்கு ஊர்த்தேதி கிடையாது என்பதால் அங்கே பிரச்சினை. ஆம்ஸ்ட்ராங் கால் வைத்தது அமெரிக்கக் கணக்கில் 1969 ஜூலை 20 இரவு, நமக்கு 21 காலை எட்டரை மணிவாக்கில். உலகம் முழுக்க 20 என்றே பழகிவிட்டது. 20-ல் போட்டு 'இந்திய நேரப்படி 21 காலை' என்று எழுதினால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

நம் ஊரில் இதற்குப் பெரிய உதாரணம் பாரதியார். 1921 செப்டம்பர் 11 இரவு கழிந்து, நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணியளவில் திருவல்லிக்கேணியில் உயிர் பிரிந்தது. கடிகாரப்படி அது 12. சூரிய உதயத்தில் நாள் தொடங்கும் நம் வழக்கப்படி 11 இன்னும் முடியவில்லை. தமிழக அரசு 'மகாகவி நாள்' என்று அறிவித்திருப்பது செப்டம்பர் 11-ஐ. உங்கள் தாளில் 11-ல் 'மகாகவி நாள்' என்று போடுங்கள், 'மறைந்தார்' என்று போட வேண்டாம். 11 என்பவர்களும் 12 என்பவர்களும் அமைதியாக இருப்பார்கள்.

இதேபோல் எந்தச் சம்பவத்தைச் சொல்கிறோம் என்பதைத் துல்லியமாக்கினால் பாதிக் குழப்பம் தானாக விலகும். சோவியத் விஷயம் அப்படித்தான். 1991 டிசம்பர் 25 மாலை கோர்பச்சேவ் தொலைக்காட்சியில் பேசிப் பதவி விலகினார். சிறிது நேரத்தில் கிரெம்ளினில் செங்கொடி இறங்கியது. ஒன்றியம் இனி இல்லை என்று அதன் நாடாளுமன்ற மேலவை அறிவித்தது மறுநாள் 26. '25: கோர்பச்சேவ் பதவி விலகல்' என்று எழுதுங்கள். 'சோவியத் ஒன்றியம் சிதைந்த நாள்' என்று எழுதினால் எந்தத் தேதியிட்டாலும் ஒரு கடிதம் வரும். இயேசு விஷயத்திலும் 'கிறிஸ்துமஸ்' என்ற ஒரு சொல் போதும். பைபிளில் பிறந்த தேதி கிடையாது. டிசம்பர் 25-ல் கொண்டாடியதற்கு ரோமில் கிடைக்கும் பழைய பதிவு நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்தது. திருநாளைத் திருநாளாகப் போடுங்கள், அதற்கு ஆண்டு எண் வேண்டாம்.

மூன்றாவது, தேதிக்குப் பின்னால் இருக்கும் காகிதம். ஜின்னாவின் பிறந்தநாள் 1876 டிசம்பர் 25 என்று பாகிஸ்தான் விடுமுறை விட்டுக் கொண்டாடுகிறது. கராச்சியில் அவர் படித்த சிந்து மதரஸா பள்ளிப் பதிவேட்டிலோ 1875 அக்டோபர் 20. இதில் அதிசயம் ஒன்றுமில்லை. நம் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள்: பள்ளியில் சேர்க்க வந்த அன்று வாத்தியார் கணக்குப் பார்த்து எழுதிய தேதி ஒன்று, அம்மா சொல்லும் மாதமும் நட்சத்திரமும் வேறு. பழைய தலைமுறையினருக்குத் தமிழ் மாதம், நட்சத்திரம், கிழமை கிடைத்தால் அதை விடாதீர்கள். ஆங்கிலத் தேதியைச் சரிபார்க்க அவை மிகவும் உதவும். கிழமை ஒன்றே பல பொய்களைக் காட்டிக்கொடுக்கும். பழைய கடிதத்தில் 'வெள்ளிக்கிழமை' என்றிருந்து, பட்டியல் சொல்லும் தேதி செவ்வாயில் விழுந்தால் இரண்டில் ஒன்று தவறு. பத்திரிகைச் செய்தியை ஆதாரமாக எடுத்தால், அது மறுநாள் வெளியானது என்பதையும் மறக்கக் கூடாது. பட்டியல்களில் ஒரு நாள் பிசகுவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

சென்னை தினமே இப்படிக் கணக்குப் பார்த்து நிலைநிறுத்திய தேதிதான். கோட்டை கட்ட நிலம் கொடுத்த ஆவணத்தின் நகலில் 1639 ஜூலை 22 என்றிருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் டே இங்கே வந்து சேர்ந்ததோ ஜூலை 27. வராதவருக்கு எப்படி நிலம் கொடுப்பது? அதனால் ஆகஸ்ட் 22 என்று கொண்டார்கள். அதுவும் ஆங்கிலேயரின் பழைய காலண்டர்தான், புதியதில் செப்டம்பர் 1 வரும். அதற்காக ஊரே கொண்டாடும் நாளைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

இனி மூன்று வரி. உங்கள் முப்பது குறிப்புகளில் இரண்டு வகையை உடனே கழித்துவிடலாம்: நம் வாசகருக்குப் பெயரே தெரியாத பாட்டுக்காரர்களும் விளையாட்டு வீரர்களும், 'இந்த நாளில் உலகின் முதல்...' என்று தொடங்கும் ஆதாரமில்லாத வரிகளும். மிஞ்சியதில் பிறந்தவர்கள் மாளவியா (1861), வாஜ்பாய் (1924). மறைந்தவர்கள் ராஜாஜி (1972), சார்லி சாப்ளின் (1977). வேலு நாச்சியாரின் நினைவுநாளும் அன்றே அனுசரிக்கப்படுகிறது. 1892-ல் விவேகானந்தர் கன்னியாகுமரிப் பாறையில் தியானத்தில் அமர்ந்த மூன்று நாள்களில் முதல் நாள் என்று கொண்டாடுவதும் இதையே. 1927-ல் மகாத் நகரில் அம்பேத்கர் தலைமையில் மனுஸ்மிருதியைத் தீயிட்டார்கள். பெரியாரையும் (1973) எம்.ஜி.ஆரையும் (1987) இங்கே சேர்த்துவிடாதீர்கள், இருவரும் முந்தைய தாள், 24.

நான் முதல் வரியாக வைப்பது கீழ்வெண்மணியை. 1968 டிசம்பர் 25, புதன்கிழமை இரவு. அன்றைய தஞ்சை மாவட்டத்தில், இன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில், கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர்களின் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். அதே நேரத்தில் அப்பல்லோ 8-ல் மூன்று பேர் நிலவைச் சுற்றிவிட்டுப் பூமிக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். பண்டிகை நாளில் இது எதற்கு என்று உங்கள் வாடிக்கையாளர் கேட்கலாம். நகைக்கடைக்காரர் என்றால் நிச்சயம் கேட்பார். கிறிஸ்துமஸ் என்று மேலே சிவப்பு எழுத்தில் இருக்கிறது, கீழே வரலாறு என்று தலைப்பும் இருக்கிறது, தமிழ்நாட்டில் அந்தத் தேதியில் நடந்ததில் இதைவிட முக்கியமானது எது என்று திருப்பிக் கேளுங்கள். இரண்டாவது வரி ராஜாஜி, மூன்றாவது நியூட்டன். பிறந்தநாள் இன்னும் ஒன்று வேண்டும் என்றால் வாஜ்பாயைச் சேர்க்கலாம். மத்திய அரசு அந்த நாளை நல்லாட்சி தினமாகவும் வைத்திருப்பதால் வாசகர் எதிர்பார்ப்பார்.

அச்சுக்கு அனுப்புமுன் பிப்ரவரியை ஒருமுறை புரட்டிவிடுங்கள். லீப் ஆண்டு அல்லாத காலண்டரில் 29-ம் தாள் இருக்காது, அதோடு ருக்மிணி தேவி அருண்டேலும் (1904) மொரார்ஜி தேசாயும் (1896) காணாமல் போவார்கள். 28-ம் தாளிலேயே 'பிப்ரவரி 29' என்று முழுத் தேதியையும் எழுதி இருவரையும் சேர்த்துவிடுங்கள். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை தனித்தாள் கிடைக்கும்போது வரியை அங்கே மாற்றிக்கொள்ளலாம்.