கோப்பையா, கூட்டமா, காசா? – கால்பந்து கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே சண்டையைப் பற்றியவை: பெரும்பாலும் இங்கிலாந்தில், எது 'பெரிய கிளப்'? அவற்றை மட்டும் பிரித்தெடுத்துப் பதில் சொல்கிறோம்.

கேள்வி (நாகர்கோவில் வாசகர்): நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் ஐரோப்பியக் கோப்பையை (இன்றைய சாம்பியன்ஸ் லீக்) இரண்டு முறை வென்றிருக்கிறது. டாட்டன்ஹாம் ஒரு முறைகூட வென்றதில்லை. அப்படியானால் ஃபாரஸ்ட்தானே பெரிய கிளப்?

பதில்: ஃபாரஸ்ட் செய்ததை யாரும் குறைத்துப் பேச முடியாது. 1977-ல் இரண்டாம் டிவிஷனில் (லீக்கின் இரண்டாம் அடுக்கு) மூன்றாவதாக வந்து மேலே ஏறிய அணியை, மேலாளர் பிரையன் கிளஃப் மறு வருடமே லீக் சாம்பியன் ஆக்கினார். 1979-ல் மியூனிக்கில் மால்மோ, 1980-ல் மாட்ரிட்டில் ஹாம்பர்க், இரண்டு இறுதி ஆட்டமும் 1-0. லீக் பட்டம் ஒன்று, ஐரோப்பியக் கோப்பை இரண்டு என்று கணக்கு தலைகீழாக நிற்கும் கிளப் ஐரோப்பாவில் வேறு கிடையாது.

ஆனால் சாதனை படைக்க ஒரு மேதையும் நான்கு நல்ல வருடங்களும் போதும். மேதை போன பிறகு என்ன மிஞ்சுகிறது என்று பார்க்க வேண்டும். 1999-ல் மேல் டிவிஷனான பிரீமியர் லீக்கிலிருந்து இறங்கிய ஃபாரஸ்ட் திரும்பி வர 23 வருடம் ஆனது. நடுவில் மூன்று சீசன் மூன்றாம் டிவிஷனில் கழிந்தது. மைதானத்தில் சுமார் 30 ஆயிரம் இருக்கைகள். டாட்டன்ஹாமில் 62 ஆயிரத்துக்கும் மேல். ஐரோப்பியக் கோப்பையை வைத்துப் பேசினால் ஃபாரஸ்ட் ஜெயிக்கும். வேறு எதை வைத்துப் பேசினாலும் தோற்கும்.

கேள்வி (சேலம் வாசகர்): 'பிக் சிக்ஸ்' என்று ஆறு கிளப்களைச் சொல்கிறார்கள். ஒன்பது லீக் பட்டம் வென்ற எவர்டன் அதில் இல்லை. இரண்டே பட்டம் வென்று, அதிலும் கடைசிப் பட்டத்தை 1961-ல் வென்ற டாட்டன்ஹாம் இருக்கிறது. யார் போட்ட பட்டியல் இது?

பதில்: யாரும் உட்கார்ந்து போட்டதில்லை, பணம் போட்டது. பட்டியலும் ஒரே மாதிரி இருந்ததில்லை. 1990-ல் தொலைக்காட்சிக்காரர் கிரெக் டைக்குடன் விருந்துண்டு, தனி லீக் பற்றிப் பேசிய 'பிக் ஃபைவ்' யார் தெரியுமா? ஆர்சனல், லிவர்பூல், மான்செஸ்டர் யுனைடெட், டாட்டன்ஹாம், எவர்டன். 1992-ல் பிறந்த பிரீமியர் லீக்கின் விதை அந்தச் சந்திப்பு. எவர்டனை விட்டுவிட்டு இன்றைய ஆறில் சேர்ந்த செல்சியும் மான்செஸ்டர் சிட்டியும் அன்று பந்தியில் இல்லை.

எவர்டன் வெளியே போனதற்கு உள்நாட்டு டிவி பணம் காரணமில்லை. அதில் பாதி 20 அணிகளுக்கும் சமமாகப் போகிறது. கால் பங்கு புள்ளிப் பட்டியலில் எத்தனையாவது இடம் என்பதற்கு. மீதிக் கால் பங்கு எத்தனை ஆட்டம் நேரலையில் காட்டப்பட்டது என்பதற்கு. இந்தக் கணக்கில் பெரிய இடைவெளி விழாது. இடைவெளி விழுவது சாம்பியன்ஸ் லீக் வருமானத்திலும், மைதானத்தில் கம்பெனிக்காரர்களுக்கு விற்கும் சொகுசு இருக்கைகளிலும். எவர்டனின் பழைய குடிசன் பார்க்கில் இடம் 39 ஆயிரம் சொச்சம். பல இருக்கைகளில் தூண் மறைக்கும். சொகுசுப் பெட்டிகள் மிகக் குறைவு. டாட்டன்ஹாம் 2019-ல் திறந்த புது மைதானத்திலோ கால்பந்து இல்லாத நாட்களில் அமெரிக்கக் கால்பந்தும் இசைக் கச்சேரியும் நடந்து காசு கொட்டுகிறது. 2025-ல் லீக்கில் 17-ம் இடம் பிடித்தும் அந்த அணி 'பிக் சிக்ஸ்' ஆகவே எண்ணப்பட்டது இதனால்தான். அதே மே மாதம் ஐரோப்பாவின் இரண்டாம் நிலைப் போட்டியான யூரோப்பா லீக் கோப்பையை வென்றது வேறு விஷயம். எவர்டன் 2025-ல்தான் 52 ஆயிரத்துக்கும் மேல் கொள்ளும் புது மைதானத்துக்குக் குடிபோனது.

கேள்வி (மதுரை வாசகர்): கூட்டத்தை வைத்து அளக்கலாம் என்கிறார்கள். எப்படி அளப்பது? எங்கள் நண்பர்கள் குழுவில் ஆளுக்கொரு எண்ணிக்கை காட்டுகிறார்கள்.

பதில்: எண்ணிக்கை எல்லாம் உண்மையாகவே இருக்கும். எடுக்கும் இடத்தில்தான் தப்பு.

நல்ல வருடங்களைத் தொடாதீர்கள். ஜெயிக்கிற அணிக்குக் கூட்டம் வருவதில் அதிசயம் என்ன? கடந்த 50 வருடத்தில் அந்த கிளப்பின் மிக மோசமான ஐந்து சீசன்களை எடுத்து, சொந்த மைதான லீக் ஆட்டங்களின் சராசரியை மட்டும் பாருங்கள். கோப்பைப் போட்டிகளைச் சேர்க்க வேண்டாம். அவற்றில் டிக்கெட் விலை வேறு, வெளியூர் அணிக்கு ஒதுக்கும் இடமும் அதிகம்.

பிறகு அந்தச் சராசரியை அதே வருடத்து, அதே டிவிஷனின் மொத்தச் சராசரியால் வகுக்க வேண்டும். இதைச் செய்யாமல்தான் பலர் வழுக்கி விழுகிறார்கள். 1948-49 சீசனில் இங்கிலாந்து லீக் ஆட்டங்களுக்கு 4.1 கோடிப் பேர் வந்தார்கள். 1985-86-ல் அது 1.65 கோடியாகச் சுருங்கியது: வன்முறை, வேலையின்மை, இடிந்த மைதானங்கள். 1986-ல் 25 ஆயிரம் பேரை இழுத்த கிளப், 1949-ல் 35 ஆயிரம் பேரை இழுத்த கிளப்பைவிடப் பெரியதாக இருக்கலாம். வகுத்தால்தான் தெரியும்.

தனி ஆட்டத்தின் எண்ணிக்கையை நம்பவே கூடாது. 1979 டிசம்பர் 26-ல் மூன்றாம் டிவிஷனில் ஷெஃபீல்ட் வெனஸ்டே – ஷெஃபீல்ட் யுனைடெட் ஆட்டத்துக்கு 49,309 பேர். ஒரே ஊர் அணிகள் மோதும் டெர்பி, கிறிஸ்துமஸ் விடுமுறை. 2018-ல் அதே தேதியில் சண்டர்லாந்து – பிராட்ஃபர்ட் மூன்றாம் டிவிஷன் ஆட்டத்துக்கு 46,039 பேர். இது டெர்பி இல்லை, ஆனால் விடுமுறை உண்டு. 2018 பிப்ரவரியில் டாட்டன்ஹாம் – ஆர்சனல் ஆட்டத்துக்கு 83,222 பேர் வந்தது, டாட்டன்ஹாம் அந்த சீசனில் வெம்ப்ளியை வாடகைக்கு எடுத்து ஆடியதால். ஒருநாள் கூத்தைக் கழித்துவிட்டு முழு சீசனைப் பார்த்தால், சண்டர்லாந்து அந்த மூன்றாம் டிவிஷன் வருடத்திலும் சராசரியாக 30 ஆயிரத்துக்கு மேல் இழுத்தது. கிளப்பின் எடை அதில்தான் தெரிகிறது.

எப்போதும் நிரம்பும் மைதானம் இன்னொரு பொறி. அங்கே சராசரி என்பது நாற்காலிகளின் எண்ணிக்கை, ரசிகர்களின் எண்ணிக்கை இல்லை. 1989-ல் ஹில்ஸ்பரோ மைதான நெரிசலில் ரசிகர்கள் இறந்த துயரத்துக்குப் பிறகு மேல் டிவிஷன் மைதானங்களில் நின்று பார்க்கும் படிக்கட்டுகளை எடுத்துவிட்டு இருக்கை போட்டார்கள். கொள்ளளவு பல இடங்களில் சட்டென்று விழுந்தது, ரசிகர்கள் குறையவில்லை. இப்படிப்பட்ட கிளப்புக்கு சீசன் டிக்கெட் காத்திருப்போர் வரிசை எவ்வளவு நீளம் என்று பாருங்கள்.

கடைசியாக, வெளியூர் ஆட்டம். பிரீமியர் லீக்கில் வெளியூர் அணிக்கு 3,000 டிக்கெட் அல்லது மைதானக் கொள்ளளவில் 10 சதவீதம், இரண்டில் எது குறைவோ அது கிடைக்கும். 18-ம் இடத்தில் கிடக்கும் அணி, பிப்ரவரி மாதக் குளிரில், 400 கிலோமீட்டர் தள்ளி நடக்கும் ஆட்டத்துக்கு அந்த டிக்கெட்டை முழுதாக விற்கிறதா? இந்த ஒன்றைப் பார்த்தாலே பாதி வாக்குவாதம் தீர்ந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை: அறிவிக்கப்படும் எண்ணிக்கை பெரும்பாலும் விற்ற டிக்கெட்டின் எண்ணிக்கை. சீசன் டிக்கெட்டை வைத்துக்கொண்டு மழைக்குப் பயந்து வீட்டில் இருந்தவரும் அதில் அடக்கம்.

கேள்வி (தஞ்சாவூர் வாசகர்): கோப்பைகளை எந்த வருடத்திலிருந்து எண்ணுவது? 1992-லிருந்து என்கிறான் மகன்.

பதில்: 1992-ல் லீக்கின் பெயரும் டிவி ஒப்பந்தமும் மாறின, கால்பந்து பிறக்கவில்லை. லீக் 1888-ல் தொடங்கியது, எல்லா டிவிஷன் அணிகளும் மோதும் எஃப்ஏ கோப்பை அதற்கும் முன்பு 1871-ல். 1992-லிருந்து எண்ணுபவர் பெரும்பாலும் செல்சி அல்லது சிட்டி ரசிகராக இருப்பார். 1888-லிருந்து மட்டும் எண்ணினாலும் கோணல்தான்: முதல் சீசனில் மொத்தமே 12 அணிகள். பிரஸ்டன் 22 ஆட்டத்தில் ஒன்றிலும் தோற்காமல் முதல் சாம்பியன் ஆனது, மறு வருடமும் வென்றது, அதோடு சரி. ஹடர்ஸ்ஃபீல்ட் 1924, 1925, 1926 என்று மூன்று வருடம் தொடர்ந்து வென்ற கிளப். இன்று இவற்றைப் பெரிய கிளப் என்று யாரும் சொல்வதில்லை.

லீக், எஃப்ஏ கோப்பை, லீக் கோப்பை, ஐரோப்பியக் கால்பந்துச் சங்கமான யூஈஎஃப்ஏ நடத்தும் கோப்பைகள், இவை போதும். சீசன் தொடக்கத்தில் ஒரே ஆட்டமாக நடக்கும் ஷீல்டை எண்ணுபவரை நம்பாதீர்கள். நியூகாசில் 1969-லும் லீட்ஸ் 1968, 1971-லும் வென்ற பழைய ஐரோப்பியப் போட்டியான ஃபேர்ஸ் கோப்பையை யூஈஎஃப்ஏ தன் கணக்கில் சேர்ப்பதில்லை. மைதானத்தில் ஆடி வென்றதுதானே, நாங்கள் அரை மார்க் போடுவோம்.

எண்ணிக்கையில் வராத ஒன்றும் உண்டு. 1985 ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டத்தில் லிவர்பூல் ரசிகர்களால் வெடித்த ஹெய்சல் கலவரத்துக்குப் பின் இங்கிலாந்து கிளப்களுக்கு ஐரோப்பியப் போட்டிகளில் ஐந்து வருடம் தடை. 1985-லும் 1987-லும் லீக் சாம்பியனான எவர்டன், அந்த இரண்டு முறையும் ஐரோப்பியக் கோப்பையில் காலெடுத்து வைக்க முடியவில்லை. கலவரத்தில் எவர்டனுக்கு ஒரு சம்பந்தமும் இல்லை. அந்த அணியின் அலமாரியைப் பார்த்துச் சிரிப்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டு சிரிக்கட்டும்.

கேள்வி (ஈரோடு வாசகர்): மான்செஸ்டர் சிட்டிக்கு வரலாறே இல்லை, எல்லாம் அபுதாபி பணம் என்பது சரியா?

பதில்: பாதி சரி. 2008-ல் கை மாறிய பின் 2024 வரை எட்டு லீக் பட்டங்கள். அதற்கு முன் 1937, 1968 என்று இரண்டே இரண்டு. ஆனால் 1998-99-ல் மூன்றாம் டிவிஷனில் கிடந்தபோதும் சராசரியாக 28 ஆயிரம் பேர் அந்த அணியைப் பார்க்க வந்தார்கள். பக்கத்து வீட்டு யுனைடெட் மூன்று கோப்பைகளை அள்ளிய வருடம் அது. வென்றது பணத்தால் இருக்கலாம், ரசிகர்களைப் பணம் கொண்டு வரவில்லை.

கேள்வி (புதுச்சேரி வாசகர்): நியூகாசிலா, ஆஸ்டன் வில்லாவா?

பதில்: வில்லா. ஏழு லீக் பட்டம், ஏழு எஃப்ஏ கோப்பை, 1982-ல் பயர்னை வீழ்த்தி ஐரோப்பியக் கோப்பை. லீக் என்ற யோசனையே வில்லா நிர்வாகி வில்லியம் மெக்ரகருடையது. நியூகாசிலுக்கு நான்கு பட்டம், கடைசியாக 1927. 1955-க்குப் பிறகு உள்நாட்டுக் கோப்பை கிடைத்தது 2025-ல்தான்.

நியூகாசில்காரர்கள் உடனே 2016-17-ஐ நீட்டுவார்கள்: இரண்டாம் டிவிஷனில் சராசரி 51 ஆயிரம். வில்லா அதே டிவிஷனில் 30 ஆயிரம் சொச்சம். மறுக்க முடியாது. ஆனால் நியூகாசில் ஒரே கிளப் உள்ள நகரம். பர்மிங்ஹாமிலோ வில்லாவுக்கு ஊருக்குள்ளேயே ஒரு போட்டியாளர், சுற்றுவட்டாரத்தில் வெஸ்ட் ப்ராம், வுல்வ்ஸ். அதோடு, 1972-ல் மூன்றாம் டிவிஷனில் ஆடியபோது வில்லா பார்க்குக்கு ஒரே ஆட்டத்துக்கு 48,110 பேர் வந்தார்கள். (தனி ஆட்டத்தை நம்பாதே என்று மேலே சொன்னோமே என்று கேட்காதீர்கள். எதிரணி போர்ன்மத், டெர்பியும் இல்லை, கிறிஸ்துமஸும் இல்லை.)

கேள்வி (திருப்பூர் வாசகர்): இன்ஸ்டாகிராமில் பின்தொடர்பவர்கள் எண்ணிக்கை?

பதில்: அது பெரும்பாலும் ஆட்டக்காரருடையது. அவர் கிளப் மாறினால் கூடவே கிளம்பிவிடும்.

கேள்வி (வேலூர் வாசகர்): லீட்ஸ் போன்ற கிளப் எப்படி மூன்றாம் டிவிஷன் வரை விழுந்தது?

பதில்: வராத வருமானத்தைச் செலவழித்து. 2001-ல் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி வரை போன அணி. ஒவ்வொரு வருடமும் அந்தப் போட்டிக்குத் தகுதி பெறுவோம் என்ற நம்பிக்கையில் ஆட்டக்காரர்களுக்கு நீண்ட ஒப்பந்தமும் பெரிய சம்பளமும் கொடுத்தார்கள். வருங்கால டிக்கெட் விற்பனையை ஈடு காட்டி 6 கோடி பவுண்ட் கடன் வாங்கினார்கள். பிறகு தகுதி பெறவில்லை. வட்டி நின்றதா? 2002-ல் தடுப்பு ஆட்டக்காரர் ரியோ ஃபெர்டினாண்டை மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு விற்றார்கள். வரிசையாக மற்றவர்களும் போனார்கள். நல்ல ஆட்டக்காரன் போனால் புள்ளி போகும், புள்ளி போனால் அடுத்த வருமானம் போகும். 2004-ல் கீழ் டிவிஷனுக்கு இறங்கியது, மைதானத்தையே விற்றது. 2007-ல் திவால் நிர்வாகத்துக்குப் போய் மூன்றாம் டிவிஷனில் இறங்கி, அங்கே மூன்று சீசன் கிடந்தது. பிரீமியர் லீக்குக்குத் திரும்பியது 2020-ல்.

கேள்வி (சென்னை வாசகர்): ஐஎஸ்எல்லில் (இந்தியன் சூப்பர் லீக்) சென்னையின் அணிக்கு 2015, 2018 என்று இரண்டு கோப்பை. கேரளா பிளாஸ்டர்ஸ் மூன்று முறை இறுதிக்குப் போய் மூன்றிலும் தோற்றது. ஆனாலும் அவர்கள்தான் பெரிய கிளப் என்கிறார்கள். நியாயமா?

பதில்: மேலே சொன்ன அளவுகோலையே வையுங்கள்: தோற்ற வருடங்களில் யார் வந்தார்கள்? கொச்சியில் மஞ்சள் கூட்டம் கோப்பைக்காகக் காத்திருக்கவில்லை. சாம்பியனாக இருந்த சென்னையின் மறு சீசனிலேயே, 2018-19-ல், கடைசி இடத்துக்கு விழுந்தது. நேரு ஸ்டேடியத்தில் அப்போது காலியாகக் கிடந்த நாற்காலிகளை நினைத்துப் பாருங்கள். கோப்பையில் சென்னை, கூட்டத்தில் கொச்சி. இரண்டு ஊர்க்காரர்களும் கொல்கத்தாவிடம் பேச முடியாது: 1911-ல் வெள்ளையர் ராணுவ அணியை வீழ்த்தி ஐஎஃப்ஏ ஷீல்டை வென்றது மோகன் பகான். 1997-ல் மோகன் பகான் – ஈஸ்ட் பெங்கால் ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதிக்கு கொல்கத்தாவின் சால்ட் லேக் மைதானத்தில் 1,31,781 பேர்.

கேள்வி (காரைக்குடி வாசகர்): சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், இங்கிலாந்தின் பெரிய கிளப் எது?

பதில்: மான்செஸ்டர் யுனைடெட். லிவர்பூலும் 2025-ல் அதே 20 லீக் பட்டங்களை எட்டிவிட்டது, ஐரோப்பியக் கோப்பையில் 6-3 என்று முன்னாலும் நிற்கிறது. ஆனால் 1974-75-ல் யுனைடெட் இரண்டாம் டிவிஷனில் ஆடியபோது, அந்த வருடம் இங்கிலாந்திலேயே அதிகச் சராசரிக் கூட்டம் அவர்களுக்குத்தான், 48 ஆயிரம். லிவர்பூல் ரசிகர்கள் கண்டனக் கடிதம் எழுதலாம். தபால் செலவு அவர்களுடையது.