டியூன் செய்த கம்மின்ஸ் டீசல் பிக்கப்புக்கு எந்த மேனுவல் கியர்பாக்ஸ் தாங்கும்?

கேள்வி இதுதான்: 1990-களின் டாட்ஜ் ராம் பிக்கப், கம்மின்ஸ் டீசல் எஞ்சின், 5 கியர் என்வி4500 மேனுவல் கியர்பாக்ஸ். எஞ்சின் பவரைக் கூட்டியாயிற்று, பெரிய டிரெய்லரும் இழுக்க வேண்டும். எதற்கு மாறலாம்?

குதிரைத்திறனை மறந்துவிடுங்கள், கியர்பாக்ஸை உடைப்பது டார்க், அதாவது எஞ்சினின் முறுக்குவிசை. டார்க் ஏறினால் ஷாஃப்ட்கள் ஒன்றையொன்று விலக்கித் தள்ளும், பற்கள் முழுதாகப் பொருந்தாமல் ஓரத்தில் மட்டும் கடிக்கும்.

என்வி4500-இல் பேர்போன தொல்லை 5-வது கியர் நட். ஆர்பிஎம் (எஞ்சின் சுழலும் வேகம்) குறைவாக இருக்கும்போது 5-வதிலேயே வைத்து மேட்டில் மிதித்தால், அதிர்விலேயே நட் மெல்லக் கழன்று கியர் பின்னால் நகரும். ஒருநாள் லீவர் 5-வதில்தான் இருக்கும், எஞ்சின் மட்டும் உறுமும், வண்டி இழுக்காது. 4-வது நேரடி கியர், எஞ்சின் சுழலும் வேகத்தையே அப்படியே கடத்தும், அதில் இந்தத் தொல்லை இல்லை. சுமையோடு ஏறும்போது 4-க்கு இறங்குங்கள்.

மாற்றுவதென்றால் என் ஓட்டு 6 கியர் என்வி5600-க்கு. வார்ப்பிரும்புக் கூடு, தாங்குதிறனும் கூடுதல். ஆனால் பிணம் கனம் கனக்கும், தனியாளாகத் தூக்க நினைக்காதீர்கள். 2005-க்குப் பிறகு ராமில் வராததால் உதிரிபாகம் தேடி அலைய வேண்டியிருக்கும். அதற்கடுத்து வந்த ஜி56-இன் கூடு அலுமினியம். கிடைப்பது எளிது, ஆனால் கடும் டார்க்குக்கு அது என் முதல் தேர்வல்ல.

கிளட்சையும் யோசித்துப் போடுங்கள். வழுக்கும் கிளட்ச் ஒரு ஃபியூஸ் மாதிரி. அதை இரும்புப் பிடியாக்கினால் அடி முழுதும் கியர் பற்களுக்குத்தான் போகும்.